போரோபாபுவுக்கு ஆயுத பூஜை

மனசு சரியில்லாதவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினர் சாப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். இன்னொரு வகையினர் வீட்டைத் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். நான் இரண்டிலும் பாதிப் பாதி. அடுத்தவரைச் சாப்பிட வைப்பேன், பிறகு துடைப்பேன். இந்தக் குணத்தால் மனிதர்கள் யாருக்கும் பெரிய சேதம் வந்ததில்லை. ஒரு மீனுக்கு வந்தது.

இதை நானே சொல்லிவிடுவது நல்லது. என் மனைவி சொன்னால் இதைவிட மோசமாக இருக்கும். மகள் சொன்னால் நடித்தே காட்டுவாள்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு என்னைக் கல்கத்தாவுக்கு மாற்றினார்கள். மத்திய அரசு அலுவலகம். (எந்த அலுவலகம் என்று எழுதினால் இன்னும் தூரமாக மாற்றிவிடுவார்கள்.) மகள் நித்யா பிளஸ் டூ, ஆகவே மனைவி சுமதி அவளோடு மதுரையிலேயே இருந்துவிட்டாள். டாலிகஞ்சில் ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு கட்டில், ஒரு குக்கர், ஒரு நான். ஜூனில் வந்து சேர்ந்தேன். முதல் சில மாதங்களில் என்னிடம் அதிகம் பேசியது மெட்ரோ ரயிலின் அறிவிப்புக் குரல்தான். அதுவும் எந்தப் பக்கம் கதவு திறக்கும் என்று சொல்லுமே தவிர, சாப்பிட்டாயா என்று கேட்காது.

கேட்ட ஒரே ஆள் எதிர்வீட்டு ஷிப்ரா பௌதி. பௌதி என்றால் அண்ணி. (கல்கத்தாவில் எதிர்வீட்டுக்காரருக்கு நம்மைவிட வயது அதிகமென்றால் அவர் தானாகவே தாதா, அதாவது அண்ணன், ஆகிவிடுவார், மனைவி பௌதி. நம் சம்மதம் தேவையில்லை.) பௌதி பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கணவர் தீபங்கர்தா நில அளவைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். பேச்சிலிருந்தும் அப்போதே ஓய்வு பெற்றுவிட்டார் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் இல்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு பௌதி என் கதவைத் தட்டுவார். "மூர்த்தி பாபு, சா காபேன்?" டீ சாப்பிடுகிறீர்களா என்று அர்த்தம். தேநீர், இரண்டு பிஸ்கட், அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்துக்காகச் சனிக்கிழமையே சட்டைக்கு இஸ்திரி போட்டு வைப்பேன். அவ்வளவு பெரிய ஊரில் எனக்காகத் திறந்த கதவு அது ஒன்றுதான்.

அந்தக் கதவுக்குப் பின்னால், கூடத்தின் ஒரு சுவர் முழுக்க, மீன் தொட்டி. ஐந்தடி நீளம். உள்ளே சிக்ளிட் என்கிற சாதி மீன்கள் ஐந்து. நாலு ஆரஞ்சு நிறக் குட்டிகள், ஒரு பெரியவர். கருப்பு உடம்பில் தீக்கங்கு மாதிரி சிவப்புத் திட்டுகள், தடித்த உதடு, கோப்பில் கையெழுத்துப் போட மறுக்கிற அதிகாரியின் கண். பெயர் போரோபாபு. பழைய வங்காள அலுவலகங்களில் தலைமை எழுத்தரை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். ஒன்பது வயது. பௌதி சமையலறைக்குப் போனால் தொட்டியின் அந்தக் கோடிக்கும், வாசலுக்குப் போனால் இந்தக் கோடிக்கும் கூடவே நீந்துவார். தாதாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

துர்கா பூஜைக்கு ஒரு வாரம் முன்பு பௌதி கேட்டார். (நாங்கள் பேசியது இந்தியும் வங்காளமும் ஆங்கிலமும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும் ஒரு மொழி. வாசகர் நலன் கருதித் தமிழில் தருகிறேன்.)

"பூஜைக்கு ஊருக்குப் போறீங்களா, மூர்த்தி பாபு?"

"டிக்கெட் கிடைக்கலை, பௌதி."

"இங்க சொந்தக்காரங்க யாராவது?"

"இல்லை."

"ஆபீஸ்ல யாராவது பந்தல் பார்க்கக் கூப்பிட்டாங்களா?"

"இல்லை, பௌதி."

ஒவ்வொரு 'இல்லை'க்கும் அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. "ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார். அவர்கள் பத்துப் பன்னிரண்டு நாள் காலிம்போங் மலைக்குப் போகிறார்கள். மீனைப் பார்த்துக்கொள்ள எங்கேயும் போக வழியில்லாத ஒரு மனிதர் வேண்டும். கல்கத்தாவில் பூஜை சமயத்தில் அப்படி ஒருவர் கிடைப்பது அபூர்வம்.

விதிகள் எளிமையானவை. ஹோமியோபதி மருந்துப் புட்டியின் மூடிதான் அளவு. காலையில் ஒரு மூடி உருண்டைத் தீனி. "அஞ்சு நிமிஷத்துல தின்னாதது மிச்சம். மிச்சத்தை வலையால அள்ளிடணும். விட்டா அழுகும், தண்ணி கலங்கும், பாசி பிடிக்கும். விளக்கு ஆறு மணி நேரம் போதும். தண்ணியை மட்டும் தொடாதீங்க, நான் வந்து மாத்திக்கிறேன். போரோபாபு வேணும் வேணும்னு கேட்பான். நம்பாதீங்க."

தலையாட்டினேன். நான் முப்பது வருடமாகச் சுற்றறிக்கைகளுக்குத் தலையாட்டி வருபவன். ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகப் புரிந்தது: இந்த மீனுக்கு ஏதாவது ஆனால், ஞாயிறு பத்து மணிக்கு யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள்.

முதல் நாள் விதிப்படி நடந்தது. இரண்டாம் நாள் மாலை, ஆபீசிலிருந்து வந்தவன், சும்மா எட்டிப் பார்க்கலாம் என்று சாவியைத் திருப்பினேன். அந்தச் சத்தத்துக்கே போரோபாபு கண்ணாடி ஓரம் வந்து நின்றிருந்தார். உடம்பையே வாலாக்கி ஆட்டினார். நாலு மாதமாக நான் கதவைத் திறந்தால் எதிரே இருந்தது குக்கர் மட்டும்தான். இரண்டாவது மூடியை அன்றைக்குத்தான் போட்டேன்.

அடுத்த நாள் மூன்று வேளை. அதற்கடுத்த நாள் நான் சாப்பிடும் போதெல்லாம். தட்டை எடுத்துக்கொண்டு அங்கேயே போய் உட்கார்ந்துவிடுவேன். ஒரு வாய் எனக்கு, ஒரு மூடி அவருக்கு. நித்யாவின் கணக்கு மார்க்கைப் பற்றிச் சொன்னேன். என் மேலதிகாரியைப் பற்றிச் சொன்னேன். அவர் வாயைத் திறந்து திறந்து மூடினார். என் கருத்துகளை இவ்வளவு தொடர்ச்சியாக ஆமோதித்தவர் என் பணிக்காலத்தில் வேறு யாரும் இல்லை. கிளம்பும்போது விளக்கை அணைக்க மனசு வரவில்லை. இருட்டில் தனியாக இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். எரியட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன்.

வெளியே பூஜை தொடங்கிவிட்டது. மேளச் சத்தம், தெருவெல்லாம் விளக்கு, ஊரே புதுத் துணி உடுத்திக் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு மாலை நானும் போனேன். ஒரு பந்தலில் ஒலிபெருக்கியில் காணாமல் போனவர்களின் பெயர்களை அறிவித்துக்கொண்டிருந்தார்கள். காணாமல் போவதற்குக்கூடக் கூட வந்தவர் ஒருவர் வேண்டும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். திரும்பி வந்து போரோபாபுவுக்கு இரண்டு மூடி போட்டேன்.

மிச்சத்தை அள்ளினேனா? அள்ளவில்லை. பிறகு தின்பார் என்று விட்டேன். (நம் வீடுகளில் பிள்ளைகள் வைத்த மிச்சத்தை மூடி வைப்பதில்லையா? அந்த நியாயம்தான்.) எட்டாம் நாள் தண்ணீர், கழுநீர்த் தொட்டியின் நிறத்துக்கு வந்துவிட்டது. கற்களின் இடுக்கில் ஊறிப்போன தீனி வெள்ளைப் பஞ்சாகப் பூத்திருந்தது. இரவும் பகலும் எரிந்த விளக்கின் புண்ணியத்தில் கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி. லேசாக ஒரு வாடை. போரோபாபு பாசிக்கு நடுவே ஒரு கண்ணளவு இடைவெளி கண்டுபிடித்து, அதன் வழியாக என்னைப் பார்த்தார்.

அன்று நவமி. வங்காளிகளுக்குத் துர்கா பூஜையின் மூன்றாம் நாள். நமக்கு ஆயுத பூஜை.

வீடியோ அழைப்பில் சுமதி வந்தாள். பின்னால் மதுரை வீட்டின் மிக்சி, கிரைண்டர், நித்யாவின் சைக்கிள் எல்லாம் சந்தனமும் குங்குமமுமாக வரிசையில் நின்றன.

"துடைச்சீங்களா? பொரி கெடச்சுதா?"

"பொரிக்குப் பஞ்சமே இல்லாத ஊருக்கு வந்திருக்கேன். அதெல்லாம் வாங்கியாச்சு."

"எங்க உக்காந்திருக்கீங்க? பின்னாடி என்னங்க அது, பச்சையா? தெப்பக்குளமா?"

"மீன் தொட்டி. எதிர்வீட்டுது."

"அய்யய்ய. நல்ல நாளும் அதுவுமா அடுத்தவங்க பொருளை இப்படியா வச்சிருப்பீங்க? அவங்க வந்து பாத்தா என்ன நெனப்பாங்க? கழுவி, ஒரு பொட்டு வைங்க."

கழுவி, ஒரு பொட்டு வைங்க. ஆயுத பூஜை அன்று இந்த உத்தரவை மீறிய தமிழன் உண்டா? வேட்டியை மடித்துக் கட்டினேன்.

எங்கள் வீட்டில் கழுவுவது என்றால் பெயருக்குத் துடைப்பது அல்ல. பாகம் பாகமாகக் கழற்றுவது. முதலில் மீன்களை இடம் மாற்ற வேண்டும். குட்டிகள் நாலும் வலையில் வந்து வாளிக்குள் போயின. போரோபாபு வலையைப் பார்த்தார். வாலால் ஓர் அறை கொடுத்தார். கூடத்தில் பாதித் தண்ணீர், என் முகத்தில் மீதி. கடைசியில் ஈரத் துண்டில் அவரைச் சுருட்டி, பிரசவ அறையிலிருந்து குழந்தையோடு ஓடி வரும் தகப்பன் மாதிரி குளியலறைக்கு ஓடி, துணி ஊறவைக்கும் பெரிய டப்பில் விட்டேன். அங்கிருந்து அவர் என்னைப் பார்த்த பார்வையை விசாரணைக் கமிஷன்களில்தான் பார்க்க முடியும்.

பிறகு தண்ணீர் முழுவதையும் இறைத்தேன். ஒரு சொட்டு மிச்சமில்லாமல். கற்களை ஒவ்வொன்றாகத் தேங்காய் நாரால் தேய்த்தேன். (சோப்புப் போடக்கூடாது என்கிற அறிவு இருந்தது. அதைப் பற்றி எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.) தண்ணீரை வடிகட்டும் பெட்டிக்குள் கறுத்துப்போன ஒரு பஞ்சு இருந்தது, அதைப் பதினோரு தண்ணீரில் அலசி வெள்ளை வெளேர் என்று ஆக்கினேன். அந்தக் கறுப்பில்தான் தொட்டியைக் காப்பாற்றும் நல்ல கிருமிகள் குடியிருந்தன என்பது பிறகு தெரிந்த விஷயம். கற்கள் முன்பு ஏதோ குவியலாகக் கிடந்தன. நான் உயர வரிசைப்படி அடுக்கினேன். குழாயைத் திறந்து புதுத் தண்ணீர் நிரப்பி, மீன்களை விட்டு, கண்ணாடியின் நாலு மூலையிலும் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைத்தேன்.

தொட்டி நகைக்கடை மாதிரி ஜொலித்தது. பொரியும் சுண்டலும் வைத்துக் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

போரோபாபு சாய்ந்துகொண்டிருந்தார்.

மெதுவாக, கப்பல் சாய்வது மாதிரி. கருப்பு வெளிறிச் சாம்பலாகியிருந்தது. கீழே இறங்கி, மூலையில், ஒருக்களித்துப் படுத்தார். கண்ணாடியைத் தட்டினேன். அசைவில்லை. "போரோபாபு" என்றேன். மூடியைக் காட்டினேன். தீனியே போட்டேன். ஓர் உருண்டை அவர் கண்ணருகே போய் உட்கார்ந்தது. அதற்கும் மரியாதை இல்லை.

செவுள் அசைகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. எனக்கு உயிருள்ள மீனும் புதிது, இறந்த மீனும் புதிது. செத்த மீன் எப்படி இருக்கும் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே ஆதாரம் டாலிகஞ்ச் மார்க்கெட். காய் வாங்கப் போகும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிற வரிசை. அங்கே எல்லா மீனும் ஒருக்களித்துத்தான் படுத்திருக்கும்.

பௌதிக்குப் போன் செய்தேன். அதற்கு முன் சொல்ல வேண்டியதை எழுதிப் பார்த்தேன். "ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வது" என்று வந்தது. கிழித்துப் போட்டேன்.

"பௌதி... போரோபாபு போயிட்டார்."

மலைக் காற்றின் சத்தத்துக்கு நடுவே பௌதியின் குரல் வந்தது.

"எப்போ?"

"பதினோரு மணிக்கு."

"சாப்பிட்டானா?"

இதற்கு நான் தயாராக இல்லை. "சாப்பிட்டார், பௌதி" என்றேன். "நல்லாச் சாப்பிட்டார்." அன்று நான் சொன்னதில் சந்தேகமில்லாத உண்மை அது ஒன்றுதான்.

"நீங்க எதுவும் செய்ய வேண்டாம். அப்படியே இருக்கட்டும். நாங்க வர்றோம்." வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். வைத்துவிட்டார்.

உடல் அப்படியே கிடப்பதைப் பார்க்க முடியவில்லை. பண்டிகைக்கென்று சுமதி கொடுத்தனுப்பிய புது எட்டு முழ வேட்டியைப் பிரித்து, தொட்டியைத் தலையோடு கால் மூடினேன். விளக்கையும் அணைத்தேன்.

மாலை ஐந்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. தரைத்தளத்து வங்கி அதிகாரியும் மனைவியும். பௌதி காலிம்போங்கிலிருந்து அவர்களுக்குப் போன் செய்திருக்கிறார்: மூர்த்தி பாபு தனியாக இருப்பார், மனசு உடைந்திருப்பார், போய்ப் பாருங்கள் என்று. மீனைப் பறிகொடுத்தவர், அதைப் பறிகொடுக்க வைத்தவனுக்கு ஆறுதல் அனுப்புகிறார்! பின்னாலேயே மேல்மாடி சித்தார்த்தோ வந்தார். இரண்டாவது மாடி இரட்டைச் சகோதரிகள் சந்தேஷ் டப்பாவோடு வந்தார்கள். (துக்க வீடானாலும் இனிப்பு இல்லாமல் வங்காளி எப்படி வருவது?) எல்லோரும் வெள்ளை வேட்டி போர்த்திய தொட்டிக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"எவ்வளவு புத்திசாலி மீன், இல்லையா?"

"ஆளைத் தெரியும். என்னைக் கண்டா முகத்தைத் திருப்பிக்கும்."

"உங்களைக் கண்டா நாங்களே திருப்பிக்குவோம், சித்தார்த்தோதா."

நான் சுண்டலும் பொரியும் பரிமாறினேன். சுண்டலில் என்ன போட்டீர்கள் என்று கேட்டார்கள். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், மதுரை கடலோரமா என்று கேட்டார்கள். நாலு மாதமாகப் படிக்கட்டில் எதிர்ப்பட்டுத் தலையசைத்துப் போனவர்கள், அன்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குள் வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷம். அதை மறைக்க அடிக்கடி தொட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டியிருந்தது. அவர்கள் போன பிறகுதான் உறைத்தது: நாளை பௌதி வருவார். நாளையோடு எல்லாம் முடிந்தது. அதற்குமேல் எதுவும் சாப்பிட இறங்கவில்லை.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு வந்தார்கள். பௌதியின் கண்கள் வீங்கியிருந்தன. தாதாவின் கையில் ஒரு கட்டு ரஜனிகந்தா. நம் சம்பங்கிப் பூ. இறுதி மரியாதைக்கு அந்த ஊரில் அதுதான். ரயிலடியிலிருந்து நேராக வாங்கி வந்திருக்கிறார். முந்தைய நாள் கூட்டமும் பின்னால் வந்து நின்றது. நான் ஒதுங்கி, கைகட்டி நின்றேன்.

பௌதி வேட்டியின் ஒரு முனையைப் பிடித்து மெதுவாக விலக்கினார்.

போரோபாபு கண்ணாடி ஓரம் நின்றிருந்தார். நிமிர்ந்து. கரியும் நெருப்புமாக, பழைய நிறத்தில். பௌதியைப் பார்த்ததும் உடம்பெல்லாம் ஆட்டி, வாயைத் திறந்து திறந்து மூடினார். பசி.

தாதா பூக்கட்டைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பூவை யாரிடம் கொடுப்பது என்பதில் அவருக்கு ஒரு கணம் தயக்கம் இருந்தது என்று இன்றும் நம்புகிறேன்.

பௌதி தொட்டியைச் சுற்றி வந்தார். தெளிந்த தண்ணீர், உயர வரிசைக் கற்கள், வெள்ளைப் பஞ்சு, நாலு மூலைச் சந்தனம். எல்லாவற்றையும் வாசித்து முடித்தார்.

"முழுத் தண்ணியையும் மாத்திட்டீங்களா?"

"ஒரு சொட்டு விடலை, பௌதி."

"சாகலை. கோவிச்சுக்கிட்டுப் படுத்திருக்கான். இந்தச் சாதி மீன் அப்படித்தான், இடம் மாறினா ஒருக்களிச்சுப் படுத்துக்கும். பெஹாலாவில இருந்த பழைய வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு வந்தப்போ நாலு நாள் படுத்திருந்தான்." தொட்டியின் கண்ணாடியில் விரலை வைத்தார். "நானும்தான். எனக்கு ஒரு மாசம் ஆச்சு."

தாதா அன்று வாயைத் திறந்தது ஒரே ஒரு தடவைதான். "தண்ணி கால்வாசிதான் மாத்தணும். முக்கால்வாசி பழசு இருக்கணும். இல்லேன்னா எங்க இருக்கோம்னு அதுக்குத் தெரியாது."

எல்லோரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். இரட்டைச் சகோதரிகளில் ஒருவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், திறந்து மூடினேன், மறுபடி திறந்தேன். பௌதி என் முகத்தைப் பார்த்தார். மீனைப் பார்த்தார்.

"நீங்க சாப்பிட்டீங்களா, மூர்த்தி பாபு?" என்று கேட்டார்.

நான் திரும்பிக்கொள்ள வேண்டியதாயிற்று. கண்ணாடியில் விழுந்த தண்ணீரைத் துடைக்க என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பௌதி வீட்டுச் சாவி என்னிடமிருந்து பறிக்கப்படவில்லை, மூடிதான் பறிக்கப்பட்டது. ஞாயிறு காலைத் தேநீருக்கு முன்னால் கால்வாசித் தண்ணீர் மாற்றுவதும், மிச்சத் தீனியை வலையால் அள்ளுவதும், பாசி சுரண்டுவதும் இப்போது என் வேலை, பௌதியின் நேரடி மேற்பார்வையில். சந்தனத்தை மட்டும் அவர் துடைக்க விடவில்லை. கட்டிடத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் சித்தார்த்தோ என்னை அறிமுகப்படுத்துவார்: "இவர்தான் மூர்த்தி பாபு. உயிரோட இருந்த மீனுக்கு எங்களைச் சுண்டல் சாப்பிட வச்சவர்."

பௌதி முழுக் கதையையும் சுமதிக்குப் போனில் சொல்லிவிட்டார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. ஆனாலும் ஒரு விவரம் விடாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. நித்யா கேட்டுவிட்டு, "அப்பாவுக்கும் முழுத் தண்ணியையும் மாத்திட்டாங்கல்ல, அம்மா" என்றாளாம். இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள். தினமும் சாயங்காலம் போன் செய்தால், எப்படி இருக்கீங்க என்று கேட்பதில்லை. வேறு ஒன்று கேட்கிறாள்.

"அப்பா, படுத்திருக்கீங்களா?"

"ஆமா."

"எப்படி?"

"மல்லாக்கத்தான்."

"அப்ப சரி."

ஒரே ஒரு தடவை, போன ஜனவரியில், ஏதோ ஞாபகத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். "ஒருக்களிச்சு" என்றேன். அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. ஐந்தாம் நாள் காலை ஹவுரா ஸ்டேஷனில் அம்மாவும் மகளும் ஊறுகாய் ஜாடியோடு வந்து இறங்கினார்கள். ஒரு வாரம் இருந்தார்கள்.

அதன் பிறகு அந்தப் பதிலைச் சிக்கனமாகத்தான் வைத்திருக்கிறேன். மற்ற நாட்களில் மல்லாக்கத்தான் என்று சொல்லிவிட்டு, போனை வைத்துவிட்டு, திரும்பிப் படுத்துக்கொள்கிறேன்.